பசை போடாத குழாய்

என் அக்காள் புருஷன் நாகப்பனை ஒரு நாற்காலியில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார வைத்துக் காட்டுகிறவருக்கு என் லோரியை எழுதிக் கொடுத்துவிடத் தயார். இருபத்தைந்து வருடமாகப் பார்க்கிறேன். தேத்தண்ணியை நின்றுகொண்டே பாதி குடிப்பார், மீதியை எங்கேயாவது வைத்துவிட்டு மறந்துபோவார். கல்யாண வீட்டுக்கு வந்தால் செருப்புகள் கிடக்கும் வாசலோரமே நிற்பார். "உள்ள வந்து உக்காருங்க மாமா" என்றால், "இருக்கட்டும் விஜி, மழ வர மாதிரி இருக்கு, போவணும்" என்பார். மழை வராது. அவர் போய்விடுவார்.

லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்குச் சரிவில் காய்கறி போடுகிறார். அதிகாலை ஐந்து மணிக்கு அவரும் என் அக்காள் மோகனாவும் பாத்தியில் நிற்பார்கள், இருட்டினால்தான் வீடு. குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. ஆனாலும் கல்யாணமான புதிதில் எந்தத் தகரக் கொட்டகையில் படுத்தார்களோ, அதே மாதிரி ஒரு தகரக் கொட்டகையில்தான் இன்றும் படுக்கிறார்கள். ஈப்போவில் இருக்கும் எங்கள் சித்தப்பா, பென்ஷன் வாங்கிக்கொண்டு காலாட்டிக்கொண்டிருக்கிறவர், "உழைப்பு பத்தாதுலா அவனுக்கு" என்பார். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வரும். அவரை ஒரே ஒரு நாள் அந்தச் சரிவில் கோழிச்சாண மூட்டையோடு ஏறவிட வேண்டும்.

உழைப்பில் குறைவில்லை என்றால் பிறகு எதில்தான் குறை என்று கேட்கிறவர்களுக்கு நான் அவருடைய குழாயைக் காட்டுவேன். மலை ஓடையிலிருந்து தோட்டத்துக்கு அறுநூறு அடி நீளத்துக்குப் பிளாஸ்டிக் குழாய் வருகிறது. எந்த மூட்டிலும் பசை கிடையாது. ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி, பழைய மோட்டார் டியூப்பைக் கிழித்துச் சுற்றியிருப்பார். ஒவ்வொரு மூட்டும் ஒழுகும். கடைசிப் பாத்திகளுக்குத் தண்ணீர் போய்ச் சேரும்போது கை கழுவத்தான் காணும். அங்கே போட்ட சாவிக் கீரை மஞ்சளடித்துப் போகும். ஒருமுறை கடுப்பாகி ரிங்லெட்டில் ஒரு டப்பா பசை வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு லோரியின் முன் இருக்கையில் பத்திரமாக வைத்துவிட்டார்.

"பசை போட்டா கழட்ட முடியாது விஜி."

"ஏன் மாமா கழட்டணும்?"

பாத்திக்குப் போய்விட்டார். பதில் எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

அவர் பிறந்தது மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். தோட்டத்தில் வேலை செய்கிறவனுக்குத்தான் வீடு. மாமா இருபது வயதிலேயே தேயிலையை விட்டுக் காய்கறிப் பக்கம் வந்துவிட்டார், நாள் சம்பளம் கொஞ்சம் கூட என்று. அவருடைய அப்பா வேலையிலிருந்து நின்றதும், வீட்டில் தோட்டத்து வேலையாள் யாரும் இல்லை என்று பதினைந்து நாளில் காலி செய்யச் சொன்னார்கள். முப்பது வருடக் குடித்தனம் ஒரே லோரியில் ஏறியது. என் பழைய முதலாளியின் லோரிதான். அட்டெண்டனாகப் பின்னால் உட்கார்ந்து கட்டிலைப் பிடித்துக்கொண்டு வந்தவன் நான்.

பிறகு லெம்பா பெர்த்தாமில் சீன முதலாளியான ஒரு தவுக்கேயிடம் வாய்வார்த்தையில் சரிவு நிலம் எடுத்தார். கல்லும் வேருமாகக் கிடந்த இடம். மூன்று வருடம் அடுக்கடுக்காக வெட்டி, கல் வரப்பு கட்டி, குழாய் போட்டு (அப்போது பசை போட்டுத்தான்) நல்ல நிலமாக்கினார். நல்ல நிலமானதும் தவுக்கே தன் தங்கை மகனுக்கு வேண்டும் என்று கேட்டார். சண்டை போட ஒன்றுமில்லை. நிலம் அவருடையது. எரிச்சல் என்னவென்றால், அந்த நிலத்தைப் பாழாகவே வைத்திருந்தால் இன்றுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அடுத்தது ஆற்றோரம். 2013-இல் வெள்ளத்தோடு வந்த சேறு அதை எடுத்துக்கொண்டது. அதற்கடுத்து மேலே அரசாங்க நிலத்தில், எந்தக் காகிதமும் இல்லாமல். அங்கே தக்காளி பறிக்க ஒரு வாரம் இருக்கும்போது மண்வாரி இயந்திரம் ஏறி வந்தது. அன்றைக்கு அக்காள் அழுததை நான் பார்த்தேன். மாமா அழவில்லை. பசை போட்டு ஒட்டிய குழாய்களைக் கழற்ற முடியாமல் ரம்பத்தால் அறுத்து அறுத்து, அரையடித் துண்டுகளாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

இப்போது இருக்கும் சரிவுக்கு வந்து ஏழு வருடம் ஆகிறது. இதற்கும் காகிதம் இல்லை. இங்கே எதுவும் ஒட்டப்பட்டதில்லை, சிமெண்டு போட்டதில்லை. கொட்டகைத் தகரம் கம்பியால் கட்டியது. அறுபது நாளைக்கு மேல் மண்ணில் நிற்கிற எதையும் போட மாட்டார். எல்லாரும் போடுகிற அதே கீரையை எல்லாரும் போடுகிற அதே வாரத்தில் போடுவார். எல்லாருடையதும் ஒன்றாகச் சந்தைக்குப் போய் மதிப்பில்லாமல் விழும். மூன்று மணி நேரத்தில் குடும்பத்தையே கழற்றி என் லோரியில் ஏற்றிவிடலாம். இதுவரை நான்கு முறை ஏற்றியிருக்கிறோம். மகள் தனுஜா இந்த ஏற்றல் இறக்கலில் மூன்று பள்ளிக்கூடம் மாறினாள். நன்றாகப் படிக்கிற பிள்ளை. இப்போது தானா ராத்தாவில் ஒரு ஹோட்டலில் அறை கூட்டுகிறாள்.

எங்கள் பள்ளத்தாக்கில் ஒரு சொல் உண்டு: ஏறுறாங்க. யார் ஏறுகிறார்கள், எங்கே ஏறுகிறார்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். காகிதமில்லாத நிலங்களை அழிக்க ஆபீசர்கள் மண்வாரியோடு வருகிறார்கள் என்பது அந்த ஒரு சொல்லிலேயே இருக்கிறது. கேட்டவுடன் குழாய் கழலும், தகரம் இறங்கும், முற்றாத கீரையானாலும் பிடுங்கி லோரியில் ஏற்றுவோம். போன் வந்தால் எடுக்கக் கூடாது. இந்த நிலம் யாருடையது, யார் பயிர் செய்கிறார்கள் என்று யார் கேட்டாலும் ஒரே பதில்: தாக் தாவு, தெரியாது. நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் இது தெரியும்.

போன வருடம் ஓர் அறிவிப்பு வந்தது. காகிதமில்லாமல் ஐந்து வருடத்துக்கு மேல் பயிர் செய்கிறவர்கள் மனு போட்டால், மூன்று வருடத்துக்குச் சொந்தப் பெயரிலேயே குத்தகை தருவார்களாம். தனுஜாதான் போனில் மனுப் பாரத்தைப் பார்த்துவிட்டுக் குதித்துக்கொண்டு வந்தாள். மாமா நம்பவில்லை.

"பேரக் குடுத்தா, இவன்தான் திருட்டு நெலத்துல இருக்கான்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிரும்."

"அப்பா, நெலத்த எடுக்கறதுக்கு அவங்களுக்கு உங்க பேரு தேவையே இல்ல. குடுக்கறதுக்குத்தான் பேரு வேணும்" என்றாள் தனுஜா.

அந்தப் பேச்சில்தான் அவர் மசிந்தார். நிபந்தனை மூன்று. ஆபீசர் நேரில் பார்க்க வரும்போது நிலத்தில் பயிர் நிற்க வேண்டும். மனு போட்டவர் அங்கே இருக்க வேண்டும். பக்கத்தில் உரிமம் உள்ள ஒரு விவசாயி, ஆமாம் இவர்தான் இங்கே பயிர் செய்கிறவர் என்று சொல்ல வேண்டும். பக்கத்து நிலம் வேலம்மா அக்காளுடையது. புருஷன் காலத்திலிருந்தே உரிமம் உண்டு, எங்களுக்கு உடன்பிறவாத அக்காள். பயிரோ எப்போதும் நிற்கிறது. மாமாவைத் தோட்டத்திலிருந்து கிளப்புவதுதான் கஷ்டம். இதைவிடச் சுலபமான பரீட்சை இருக்குமா என்று நாங்கள் சிரித்தோம்.

முகவரி மட்டும் இடித்தது. கொட்டகைக்கு ஏது நம்பர்? அடையாள அட்டையான ஐசியில் இன்னும் பழைய லயத்து முகவரிதான் இருந்தது, அதையே தனுஜா எழுதினாள். போன் நம்பராக அக்காளுடையதைக் கொடுத்தாள். கடிதம் வந்ததா என்று கேட்க மாமா ஞாயிறுதோறும் மோட்டார் சைக்கிளில் தோட்டத்து ஆபீசுக்கு ஏறுவார். நாலு மாதம் பொறுத்த ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி கடைசியில் எரிந்து விழுந்தார்: "வந்தா நானே கூப்புடுறேன், சும்மா சும்மா வந்து நிக்காதீங்க." அதோடு போவதை நிறுத்திக்கொண்டார். ஆனால் அந்த எட்டு மாதமும் அவர் பட்ட பாடு! இரண்டு பாத்தி கொத்துவார், ரோட்டைப் பார்ப்பார். சோற்றில் கை வைத்தபடி, "போன் அடிச்சிச்சா?" என்பார். அக்காளோ செங்கல் சுவர் வைத்த குளியலறை பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள். ஐம்பது வயதுப் பெண்பிள்ளை ஒரு சுவருக்கு ஆசைப்படுகிறாள்.

அந்தப் புதன்கிழமை மதியம் ரிங்லெட்டில் லோரிக்கு டீசல் போட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த லோரிக்காரன் காளிமுத்து கண்ணாடியை இறக்கி, "அண்ணே, நாளைக்கு காலையில உங்க மாமா பக்கம் ஏறுறாங்களாம், ஆபீஸ்ல வேல செய்யற ஆளு சொன்னான்" என்றான். அவன் கேட்டது "வருகிறார்கள்" என்பதாகத்தான் இருந்திருக்கும். எங்கள் வாயில் ஆபீசர்கள் வருவதில்லை, ஏறத்தான் செய்வார்கள். நானாவது ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்காமல் மாமாவுக்குப் போன் போட்டு அந்த ஒரே சொல்லைச் சொன்னேன். அதற்காக என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

"மனு போட்டிருக்கோமே விஜி, அதுக்கா இருக்குமோ?" என்று மாமாவே கேட்டார். அதுதான் கொடுமை. அவருக்குத் தோன்றியிருக்கிறது.

"அதுக்குன்னா லெட்டர் வந்திருக்கும்லா மாமா. கிராணி கூப்புட்டிருப்பாரு" என்றேன் நான்.

அவ்வளவுதான். மூன்று மணிக்கு லோரியோடு போனேன். குழாய் ஏற்கெனவே பாதி கழன்றிருந்தது. முப்பத்தைந்து நாள் சாவி, இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் தளதளவென்று வந்திருக்கும். அக்காளும் வேலம்மா அக்காளும் அதை வேரோடு பிடுங்கிக் கூடையில் அடைத்தார்கள். நானும் மாமாவும் தகரத்தை இறக்கினோம். பொழுது சாய்வதற்குள், ஏழு வருடம் ஒரு குடும்பம் இருந்த இடத்தில் வெறும் மண் பாத்திகள் இருந்தன. மாமா ஒரு விளக்குமாற்றை எடுத்துக் கொட்டகை நின்ற தரையில் கால் தடம் இல்லாமல் பெருக்கினார். எனக்கு ஏனோ அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை லோரியைக் கீழே வளைவில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். ஒன்பது மணிக்கு ஒரு வெள்ளை வண்டி ஏறியது. ஒன்றே ஒன்று. பின்னால் மண்வாரி இல்லை, காவலர்கள் இல்லை. உள்ளே இரண்டு பேர். என்னடா இது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே போன் மணி கேட்டது. அக்காளின் கைப்பை லோரியில் சாமான்களோடு கிடந்தது. எடுத்துப் பார்த்தேன், தெரியாத நம்பர். எடுக்கவில்லை. நின்றது, மறுபடி அடித்தது. அப்போதும் எடுக்கவில்லை. அந்தப் போனைக் கையில் வைத்துக்கொண்டு வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது தடவை அடிக்காததும்தான், அது மனு ஆபீசாக இருக்குமோ என்று உறைத்தது. இறங்கி மேலே ஓடினேன்.

நான் போய்ச் சேரும்போது, தலையில் தூடோங் முக்காடு போட்ட ஓர் இளம்பெண் கோப்போடு எங்கள் வெறும் பாத்தி நடுவில் நின்றிருந்தாள். கூட வந்தவன் படம் எடுத்துக்கொண்டிருந்தான். மாமாவும் அக்காளும் வேலம்மா அக்காளின் கோபிஸ் (முட்டைக்கோஸ்) தோட்டத்தில் கூலிக்கு வந்த ஆட்கள் மாதிரி குனிந்து நின்றார்கள். அந்தப் பெண் வரப்போரம் வந்து, மாமாவைப் பார்த்து மரியாதையாக மலாயில் கேட்டாள், "பாச்சிக், இங்க பயிர் பண்ற நாகப்பனைத் தெரியுமா?"

"தாக் தாவு" என்றார் மாமா.

யோசிக்கவே இல்லை. கேட்ட வேகத்தில் வந்தது. அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "அவர் போனும் எடுக்கல. பாவம், அவருக்காகத்தான் வந்தோம். ஒருவேளை பார்த்தீங்கன்னா இதக் குடுத்திருங்க" என்று ஒரு தாளை மாமாவிடமே கொடுத்துவிட்டு வண்டியை நோக்கி நடந்தாள்.

மாமா மலாய் படிப்பார், எழுத்துக் கூட்டி மெதுவாக. மேலே அவர் பெயர் இருந்தது. கீழே பழைய லயத்து முகவரி. மூன்று வாரத்துக்கு முன்பு அனுப்பிய கடிதத்தின் நகல் அது. குத்தகை மனு, நிலப் பார்வை, தேதி, நேரம், பயிரோடு காத்திருக்கவும். அசல் தோட்டத்து ஆபீசில், ஊர்விட்டுப் போனவர்களின் கடிதங்களோடு கிடந்திருக்கிறது. அதைப் பிறகு நானே போய் எடுத்து வந்தேன். மாமாவின் உதடு இரண்டு தரம் அசைந்தது. பிறகு ஓடினார்.

"புவான்! புவான்! நான்தான் நாகப்பன்! சாயா நாகப்பன்!"

சரிவில் விழுந்து எழுந்து, மண்ணோடு போய் வண்டியின் கண்ணாடியைத் தட்டினார். தன் பெயரை இவ்வளவு சத்தமாக அவர் சொல்லி நான் கேட்டதேயில்லை. அவள் இறங்கி ஐசியை வாங்கிப் பார்த்தாள். முகத்தையும் பார்த்தாள்.

"இப்பத்தானே தெரியாதுன்னு சொன்னீங்க?"

நான் முந்திக்கொண்டு விளக்கினேன். நிலத்தை அழிக்க வருகிறீர்கள் என்று நினைத்தோம், பயிர் எல்லாம் என் லோரியில் இருக்கிறது, குழாய் இருக்கிறது, தகரம் இருக்கிறது, வந்து பாருங்கள் என்றேன். கூட வந்தவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. நல்ல பெண்தான். கொஞ்ச நேரம் பேனாவால் கோப்பைத் தட்டினாள்.

"லோரியில இருக்கற கீரை எந்த மண்ணுலயும் வந்திருக்கலாம். ஐசியில முகவரி வேற எடம். சரி, பக்கத்து உரிமக்காரர் சொல்லட்டும். அவங்க சொன்னா நான் எழுதிக்கறேன்."

எனக்கு உயிர் வந்தது. மாமா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். நாங்கள் எல்லாரும் வேலம்மா அக்காளின் வேலிக்குப் போனோம். அவர் தூரத்தில் கோபிஸ் வெட்டிக்கொண்டிருந்தவர், மாமா ஆபீசரிடம் சிக்கி, மண் அப்பிய உடம்போடு வருவதைப் பார்த்தார். கத்தியைக் கீழே வைத்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

"மக்சிக், இவரத் தெரியுமா? பக்கத்து நெலத்துல பயிர் பண்றவர் இவர்தானா?"

வேலம்மா அக்காள் மாமாவை ஏற இறங்கப் பார்த்தார், முன்பின் பார்க்காத ஆளைப் பார்ப்பதுபோல.

"தாக் தாவுலா. இந்த ஆள நான் பார்த்ததே இல்ல. அந்த நெலம் எப்பவும் சும்மாதான் கெடக்கும்."

"அக்கா!" என்று என் அக்காள் அலறினாள். "சொல்லுங்கக்கா, இது அது இல்லக்கா, நெலம் குடுக்க வந்திருக்காங்க, உண்மைய சொல்லுங்க!"

வேலம்மா அக்காளின் கண் எங்கள் ஒவ்வொருவர் மேலும் போய் வந்தது. பிறகு முகம் வெளிறி, "ஆமா ஆமா, இவருதான், நாகப்பன், ஏழு வருஷமா" என்று மலாயும் தமிழுமாகக் கொட்டினார். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. நாங்கள் சத்தம் போட்டதும் சாட்சி மாறியதும்தான் அவளுக்குத் தெரிந்தது.

"நான் கண்டதத்தான் எழுத முடியும் பாச்சிக்" என்றாள். "அடுத்த தடவ தொறந்தா மறுபடி போடுங்க." எப்போது திறக்கும் என்று நான் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. ஐசியை இரண்டு கையாலும் மாமாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அக்காள் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு எல்லார் மேலும் கோபம். காளிமுத்து மேல், கிராணி மேல், என் மேல், இத்தனை வருடம் எங்களைக் காப்பாற்றிய அந்த இரண்டு வார்த்தை மேல். வேலம்மா அக்காள் வேலி தாண்டி வந்து மாமாவின் கையைப் பிடித்தார்.

"நாகப்பா, நான் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னுதான்யா அப்படிச் சொன்னேன். எப்பவும் சொல்றதத்தானே சொன்னேன். தப்பா சொல்லிட்டேனா?"

மாமா அவர் கையை விடவில்லை.

"இல்லக்கா. சரியாத்தான் சொன்னீங்க" என்றார்.